கல் போனால் கிணறும் போகும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை, பெருங்காடு இல்லை. மாரியில் மட்டும் ஓடி வற்றும் வழுக்கியாற்றைக் கணக்கில் எடுத்தாலன்றி ஆறும் இல்லை. பொன்னோ நிலக்கரியோ எண்ணெயோ நமது மண்ணின் அடியிலிருந்து புறப்பட்டதாகச் சரித்திரம் கூறவில்லை. இருப்பது ஒன்றே ஒன்று. அது சுண்ணாம்புக் கல்.

அந்தக் கல்லின் மேலேதான் நமது வீடு நிற்கிறது. அந்தக் கல்லை உடைத்துப் பரப்பித்தான் நமது முன்னோர் வீதி கண்டனர். அதைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பினாற்றான் கோயிலுக்கும் வீட்டுக்கும் சுவர் எழுப்பினர். அதை அரைத்துத்தான் காங்கேசன்துறையிலே சீமெந்து செய்தனர். இவ்வளவும் செய்த பின்னர் எஞ்சி நிற்கும் கல்லின் வெடிப்புகளிலும் துவாரங்களிலும் தங்கியிருக்கும் மழைநீரைத்தான் இன்றும் நாம் குடிக்கிறோம், தோட்டத்துக்கு இறைக்கிறோம். வீதியும் வீடும் தொழிலும் தண்ணீரும் ஒரே கல்லை நம்பியிருக்கின்றன. ஆகவே அந்தக் கல்லைப் பற்றிய கேள்வி கொந்தராத்துக்காரரின் கேள்வி மட்டுமன்று. அது நமது வாழ்வின் கேள்வி.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையை மீண்டும் இயக்க வேண்டும் என்ற பேச்சு, 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தது முதல் அடிக்கடி எழுகிறது. அரசாங்கம் மாறும்போது எழுகிறது; தேர்தல் வரும்போது எழுகிறது. இயக்க வேண்டும் என்போர் "வேலை" என்கின்றனர். கூடாது என்போர் "தண்ணீர்" என்கின்றனர். இரு சாராரும் நம்மவரே. இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆனால் இரு சாராரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கூச்சலிட்டு ஓய்ந்தபின் கல் ஏற்றிய லொறி மட்டும் ஓயாமல் போகுமானால், அந்த வாதத்தினால் யாருக்கு லாபம்?

அன்று நிமிர்ந்த புகைபோக்கி

முதலில் பழைய கதையை நேர்மையாகச் சொல்லிவிடுவோம். 1950ஆம் ஆண்டில் காங்கேசன்துறையில் சீமெந்து உற்பத்தி தொடங்கியது. அப்போது கைத்தொழில் மந்திரியாக இருந்தவர் திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம். காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் காகிதம் ஆகிய மூன்று தொழில்களும் இன்றுவரை அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகின்றன. அவருடைய அரசியலை ஏற்றவரும் உண்டு. கடுமையாக எதிர்த்தவரும் உண்டு. ஆயினும் தமிழ்ப் பிரதேசத்திலே பெருந்தொழில் என்று சொல்லத்தக்கதாக நிமிர்ந்து நின்றது அந்தப் புகைபோக்கி என்பதை இரு சாராரும் மறுக்கவில்லை.

கல் அவ்விடத்திலேயே கிடைத்தது. களிமண் மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து வந்தது. 1905ஆம் ஆண்டிலேயே கொழும்போடு இணைந்துவிட்ட இருப்புப் பாதை சீமெந்தைத் தெற்கே சுமந்து சென்றது. காங்கேசன்துறையில் சுட்டெடுத்த கிளிங்கரைத் தென்கோடியிலுள்ள காலியில் அரைத்துச் சீமெந்தாக்கிய காலமும் உண்டு. அரசாங்க உத்தியோகத்தையே கண்ணாகக் கொண்டிருந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள் யந்திரத்தின் அருகே நின்று தொழில் பழகினர். வலிகாமம் வடக்கிலே பல குடும்பங்களின் அடுப்பு அந்தச் சூளையின் நெருப்பினால் எரிந்தது. இந்தப் பெருமையை மறைத்து எழுதுபவன் உண்மையை எழுதுபவன் ஆகான்.

அதே சமயம், அந்தச் சூளை தின்ற கல்லின் கணக்கையும் மறைக்கலாகாது. ஒரு தொன் கிளிங்கர் செய்ய ஏறக்குறைய ஒன்றரைத் தொன் சுண்ணாம்புக் கல் வேண்டும். நாற்பது ஆண்டுகள் சூளை எரிந்தது. கல் வந்த இடம் குழியாயிற்று. அக்குழிகள் கடலுக்கு அணித்தாகவே கிடக்கின்றன.

1990இல் போர் அந்தச் சூளையை அணைத்தது. வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுடைய வீடும் தோட்டமும் கோயிலும் பள்ளிக்கூடமும் உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயருக்குள் அடைபட்டன. 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கே 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டது. மக்கள் போராடினர், நீதிமன்றம் சென்றனர். 2015 முதல் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன, முழுவதும் அல்ல. இருபத்தைந்து ஆண்டுகளின் பின் தன் வளவுக்குத் திரும்பிய கமக்காரன் முதலிற் பார்த்தது வீட்டையன்று, கிணற்றை. கிணறு இருந்தால் வீட்டைக் கட்டலாம். கிணறு போனால் எதைக் கட்டி என்ன?

கல்லுக்குள் இருக்கும் குளம்

படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான்; ஆயினும் ஒருமுறை கூறுவது நன்று. குடாநாட்டின் நிலத்தடி நீர் பாறையின் அடியில் ஓடும் ஆறு அன்று. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை செம்பாட்டு மண்ணினூடாக இறங்கிச் சுண்ணாம்புக் கல்லில் தேங்குகிறது. அதன் கீழேயும் பக்கங்களிலும் கடல் நீர் நிற்கிறது. பாரம் குறைந்த நன்னீர், பாரம் கூடிய உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கணக்கு. அந்தக் கணக்கை மறுபுறம் புரட்டிப் பாருங்கள். மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் கீழே நாற்பது அடி உவர் ஏறும். ஓரடி நட்டத்துக்கு நாற்பது அடி தண்டம் விதிக்கும் இத்தகைய கடன்காரன் வேறெங்கும் இல்லை.

இதை நம்ப யந்திரம் வேண்டாம். புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பாருங்கள். மேலே நன்னீர்; ஆழத்தில் உவர்நீர். கீரிமலைக் கேணியைப் பாருங்கள். கடலின் ஓரத்தில், அலைக்குச் சில பாக தூரத்தில், நன்னீர் ஊறுகிறது. அந்த ஊற்று அங்குள்ள கல்லினூடாகக் கடலை நோக்கி வரும் நமது மழைநீர். அது வெளியே தள்ளும்வரை கடல் உள்ளே வராது. அது தளர்ந்தால் கடல் உள்ளே வரும்.

இப்போது அந்தக் கல்லைத் தோண்டுவதென்றால் என்ன பொருள்? நீர்மட்டத்துக்கு மேலே தோண்டினால், மழையை வடித்து உள்ளே விடும் மண்ணும் கல்லும் போய்விடுகின்றன. நீர்மட்டத்தைத் தொட்டுத் தோண்டினால், மூடியிருந்த நீர் வெயிலுக்குத் திறந்துவிடப்படுகிறது, ஆவியாகிறது. கைவிட்ட குழிக்குள் ஊரின் குப்பை வந்து விழுகிறது. குழியை உலர்த்துவதற்கு யந்திரம் வைத்து நீரை இறைத்தாலோ, கடலுக்கு நாமே வாசல் திறந்து வைக்கிறோம்.

கல்லுக்குள் விழுந்த அழுக்கு ஒரு வளவோடு நில்லாது என்பதற்குச் சுன்னாகமே சாட்சி. மின்நிலையச் சூழலில் கழிவு எண்ணெய் நிலத்துக்குள் இறங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு தனியார் மின்நிலைய நிறுவனத்துக்கு நீதிமன்றம் கட்டளையிட்டது. மாசுபடுத்தியவனே பொறுப்பாளி என்ற நீதி நிலைநாட்டப்பட்டது, மகிழ்ச்சி. ஆனால் நட்டஈடு கிணற்றுக்குள் வார்க்கும் தண்ணீர் ஆகுமா? பணத்தைத் துலாவில் கட்டி இறைக்க முடியுமா?

பிறரை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையன்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் அளவுக்கு மிஞ்சி இட்ட உரம், மலசலகூடக் குழிகளோடு சேர்ந்து, வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றை உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைக்கு மேலே ஏற்றியிருக்கிறது. இதை ஆராய்ச்சியாளர் பல தடவை எழுதியிருக்கின்றனர். துலாவினால் இறைத்த காலத்தில் கைவலி நமக்கு அளவு சொன்னது. யந்திரத்துக்குக் கை வலிப்பதில்லை. கல்லைக் காக்கும்படி அரசாங்கத்தைக் கேட்கும் நாம், கல்லுக்குள் இருக்கும் நீரைக் காக்கும் கடமையை நமது தோட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

"கிணறு போனாலென்ன, குழாய் வருகிறதே" என்று கூறுவோரும் உண்டு. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சிக் கமக்காரருக்கும் நமக்கும் இடையே மனக்கசப்பை வளர்த்தது. அவர்களுடைய அச்சத்திலும் நியாயம் இருந்தது. பின்னர் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வடமராட்சி கிழக்கில் தாழையடியில் எழுந்தது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் அளவில் அமைக்கப்பட்ட அந்த ஆலை 2024இல் திறக்கப்பட்டது. வரவேற்போம். ஆனால் அது குடிப்பதற்கு. மிளகாய்க்கும் வாழைக்கும் இறைப்பதற்கன்று. கடலை வடிக்க மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குப் பணம் வேண்டும். வானம் இலவசமாகத் தந்து கல் இலவசமாகச் சேமித்து வைக்கும் நீரை அழித்துவிட்டு, விலைகொடுத்துக் கடலை வடித்துக் குடிக்கும் குடும்பத்தைக் கெட்டிக்காரக் குடும்பம் என்று எந்த ஊரில் சொல்வார்கள்?

கறப்பதும் அறுப்பதும்

மண்ணின் வளத்தைக் கொண்டு தொழில் செய்வதே தவறு என்று நாம் கூறவில்லை. வளத்தில் இரு வகை உண்டு. பசுவைக் கறப்பது ஒன்று, அறுப்பது இன்னொன்று. இரண்டிலும் பணம் வரும். ஆனால் மறுநாளும் வருவது ஒன்றில் மாத்திரமே.

ஆனையிறவு உப்பு முதல் வகை. வெயிலும் கடலும் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் செல்வம் அது. அந்த உப்பிலிருந்து பரந்தனில் கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்தனர். உப்பு விற்ற காசோடு நில்லாமல், உப்பை இன்னொரு பண்டமாக மாற்றி அதன் பயனையும் இம்மண்ணிலே நிறுத்திய அமைப்பு அது. போர் அதையும் சிதைத்தது. போருக்குப் பின் ஆனையிறவில் மீண்டும் உப்பு விளைகிறது. பளைப் பகுதியில் 2014 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. காற்றை எடுத்தால் காற்றுக் குறையாது. இவையெல்லாம் கறக்கும் தொழில்கள்.

சுண்ணாம்புக் கல் இரண்டாம் வகை. அது உருவாக இலட்சக்கணக்கான ஆண்டுகள் சென்றன. ஒரு லொறியில் ஏறிய கல் மறு மாரியில் முளைக்காது. வடமராட்சி கிழக்கின் மணலும் ஏறக்குறைய அவ்வாறே. மணற்காட்டுக் குன்றுகள் வெறும் மணல் அல்ல. நன்னீரைத் தாங்கும் பஞ்சும், கடலுக்கு எதிரே நிற்கும் மதிலும் அவையே. 2004ஆம் ஆண்டு மார்கழியில் கடல் எழுந்து அந்தக் கரையில் எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்பதை மறந்தவர் எவரும் இல்லை. மறவாதவர் மதிலை விற்கலாமா?

அறுத்து வாழ்ந்தவர்களின் கதை உலகிலே உண்டு. பசுபிக் கடலில் நவுறு என்று 21 சதுர கிலோமீற்றர் அளவான ஒரு சிறு தீவு. அங்கே பொசுபேற்றுக் கல் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அந்நியர் தோண்டினர். 1968இல் சுதந்திரம் பெற்றபின் தாமே தோண்டினர். சில காலம் உலகின் செல்வந்த நாடுகளின் வரிசையில் நின்றனர். கல் தீர்ந்தது. தீவின் நடுப்பகுதி கூரிய பாறைமுட்கள் நிற்கும் பாழ்நிலமாயிற்று. தோண்டிய நிலத்தைத் திருத்தும் பொறுப்பைக் கேட்டு 1989இல் அவுஸ்திரேலியா மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 1993இல் அது பணத்தோடு சமாதானமாயிற்று. பணம் வந்தது, மண் வரவில்லை. நமது குடாநாடு ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீற்றர். நவுறுவைவிடப் பெரிது என்று ஆறுதலடைய வேண்டாம். நமது சனமும் பெரிது.

சிந்தித்து நடந்தவர்களின் கதையும் உண்டு. நம்மவர் பலர் குடியேறியுள்ள கனடாவின் மேற்குச் சமவெளியைப் பாருங்கள். 1930ஆம் ஆண்டு வரை அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான், மனிற்றோபா ஆகிய மாகாணங்களின் அரச காணியும் கனிவளமும் மத்திய அரசாங்கத்தின் கையில் இருந்தன. அந்த ஆண்டில் அவை மாகாணங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. 1947இல் எட்மன்ரன் நகருக்கு அணித்தாக லெடுக் என்ற இடத்தில் எண்ணெய் பீறிட்டது. எட்மன்ரனும் கல்கரியும் வளர்ந்தன, வீதிகள் விரிந்தன, புதிய குடியிருப்புகள் எழுந்தன. எண்ணெய் ஒருநாள் தீரும் என்பதை உணர்ந்த அல்பேர்ட்டா 1976இல் அந்த வருமானத்தின் ஒரு பங்கைப் பிற்சந்ததிக்கென்று தனி நிதியமாக ஒதுக்கத் தொடங்கியது. அங்கும் குறையில்லாமல் இல்லை. கம்பனிகள் கைவிட்டுப் போன எண்ணெய்க் கிணறுகளை மூடும் செலவு யாருடையது என்பது அங்கே தீராத வழக்கு. ஆனால் வளம் யாருடையது, வருமானம் எங்கே போகிறது, தோண்டியவன் மூடினானா என்ற மூன்று கேள்விகளையும் அம்மாகாணத்தவன் தன் சொந்தச் சட்டசபையிலே எழுப்ப முடியும். நமக்கு அந்த வாசல் எங்கே இருக்கிறது?

வீதிக்கு இரு திசை

வீதி இல்லாமையின் துன்பத்தை நம்மைப்போல் அறிந்தவர் குறைவு. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் முகமாலையில் கண்டி வீதி மூடப்பட்டபோது அரிசிக்கும் மருந்துக்கும் கப்பலைப் பார்த்து நின்றோம். தோட்டத்தில் விளைந்த வெங்காயம் சந்தையைக் காணாது கிடந்தது. ஆகவே போரின் பின் கண்டி வீதி அகன்றபோது மகிழ்ந்தோம். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபோது மகிழ்ந்தோம். 2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியில் தவறில்லை.

ஆனால் வீதிக்கு இரு திசை உண்டு. சீமெந்தும் உரமும் கிரவலும் கருங்கல்லும் வரும் அதே வீதியாலேதான் நமது கல்லும் மணலும் வெளியே போகின்றன. வருவதை எண்ணி மகிழ்ந்த நாம் போவதை எண்ணவில்லை. வீடு கட்ட அத்திவாரம் வெட்டுகிறோம் என்றும், காணி திருத்துகிறோம் என்றும், தோட்டத்துப் பாறையை அகற்றுகிறோம் என்றும் எத்தனையோ பெயரில் கல் எடுக்கலாம். காணிக்காரன் ஒரு பரப்புக் காணியின் கல்லுக்குக் கிடைக்கும் காசை எண்ணுகிறான். பக்கத்துக் காணிக்காரனின் கிணறு அந்தக் கணக்கில் சேர்வதில்லை. கிணறு ஒவ்வொருவருக்கும் தனி. நீர் எல்லோருக்கும் பொது. இந்த ஓர் உண்மையை மறந்ததிலிருந்துதான் எல்லாக் கேடும் தொடங்குகிறது.

பட்டினத்துக்குள் வந்து பாருங்கள். காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, மானிப்பாய் வீதி, கண்டி வீதி எல்லாம் விரல்களைப்போல் பட்டினத்திலிருந்து விரிகின்றன. அவ்விரல்களின் நடுவே கொக்குவிலும் கோண்டாவிலும் திருநெல்வேலியும் நல்லூரும் ஒன்றோடொன்று முட்டி வளர்ந்துவிட்டன. நேற்றுத் தோட்டமாக இருந்தது இன்று மதில் கட்டிய வளவு. வளவுக்குள் சீமெந்து முற்றம். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் வீதி உயர்கிறது, வீடு தாழ்கிறது. மதகு இருந்த இடத்தில் கடை இருக்கிறது. வாய்க்கால் இருந்த இடத்தில் மதில் இருக்கிறது. குடாநாட்டில் நமது மூதாதையர் விட்டுச்சென்ற குளங்கள் ஆயிரம் அளவில் இருந்தன என்பர். அவற்றிற் பல தூர்ந்தன, சில வளவாயின. பட்டினத்தில் ஆரியகுளம் 2021இல் புதுப்பிக்கப்பட்டது, நல்லது. ஆனால் அழகு பார்ப்பதற்குக் குளம் வெட்டிய மூதாதை நமக்கு இல்லை. மாரி நீரைப் பிடித்து நிலத்துக்குள் இறக்கவே வெட்டினர்.

பிடிக்கக் குளம் இல்லாத நீர் எங்கே போகும்? தாழ்ந்த இடத்துக்குப் போகும். தாழ்ந்த இடத்தில் இருப்பவர் யார்? பொம்மைவெளியிலும் நாவாந்துறையிலும் குருநகரிலும் சிறு வீட்டில் வாழும் தொழிலாளி. 2024ஆம் ஆண்டு நவம்பர் மழையில் யாழ்ப்பாண மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. அதற்கு அடுத்து வரும் ஆவணி வெயிலில் அதே ஊரில் தண்ணீர் வண்டிக்கு வாளியோடு நிற்கிறோம். மாரியில் வெள்ளம், கோடையில் வறட்சி! இது வானத்தின் குற்றமா, வாய்க்காலை அடைத்தவர்களின் குற்றமா?

பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954ஆம் ஆண்டிலே இதற்கு வழி எழுதினார். ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீர் ஏரியாக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி ஏரிக்கு நீர் கொண்டுவந்து, தொண்டைமானாற்றில் கடலை மறித்து, குடாநாட்டுக்கு ஓர் ஆறு செய்யலாம் என்றார். தொண்டைமானாற்றில் தடுப்பணை எழுந்தது. வேலைகள் சில நடந்தன. திட்டம் முழுமை பெறவில்லை. எழுபது ஆண்டுகளாக அரைகுறையாகக் கிடக்கும் அந்தக் கடதாசிகளைத் தூசு தட்டுவதற்கு முன்னர் கல் தோண்டும் அனுமதிக்கு மை தொடுவது முறையா?

அனுமதி யார் கையில்?

1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம், கனிய அபிவிருத்தியை ஒழுங்கு செய்வதை மாகாணப் பட்டியலில் எழுதியது. ஆனால் பாராளுமன்றம் இயற்றும் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மட்டுமே என்று ஒரு வாலையும் சேர்த்தது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம், கனிவளத்தின் உடைமையை அரசுக்கு உரியதாக்கி, அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரத்தை மத்திய அரசாங்கத்தின் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் கையில் வைத்தது. தலை கையில் வராமல் வால் மட்டும் கையில் வந்த கதை இது. வட மாகாண சபை 2013இல் தெரிவாகி 2018இல் காலம் முடிந்து போனது. அதன் பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. பிரதேச சபைக்கு லொறி உழுத ஒழுங்கையைத் திருத்தும் கடமை உண்டு. கல் போகலாமா கூடாதா என்பதில் அதன் சொல் இறுதிச் சொல் அன்று. கடமை ஊருக்கு; அதிகாரம் மத்திக்கு; குழி நமக்கு!

நாம் கேட்பது

ஆகவே நமது கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம்.

முதலாவது, நீர்க்கணக்கு இல்லாமல் குடாநாட்டில் புதிய கற்குழி திறக்கலாகாது. எந்த இடத்தில், எந்த ஆழத்தில், நீர்மட்டத்துக்கு எத்தனை அடி மேலே என்ற கணக்கு தமிழில் எழுதப்பட்டுப் பிரதேச சபை வாசலில் ஒட்டப்பட வேண்டும். அதைப் படித்து ஊரார் ஆட்சேபிக்கக் காலம் கொடுக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழில் மீளட்டும்; கல் தோண்டும் தொழிலாக அன்று. திருகோணமலையில் 1980கள் முதல் வெளிநாட்டுக் கிளிங்கரைக் கப்பலில் இறக்கி அரைத்துச் சீமெந்து செய்கிறார்கள். காங்கேசன்துறைக்கும் துறைமுகம் உண்டு. இருப்புப் பாதை உண்டு. சூளை வைத்த தொழிற்சாலையைவிட அரைக்கும் ஆலையில் வேலைக்காரர் தொகை குறைவுதான், அதை மறைக்கவில்லை. அந்தக் குறையை உப்பையும் இரசாயனத்தையும் மீன் பதனிடுவதையும் பழம் காய்கறி பதனிடுவதையும் கொண்டு நிரப்ப வேண்டும். அவை நமது கிணற்றோடு பகை கொள்ளாத தொழில்களாக நடத்தப்படக் கூடியவை.

மூன்றாவது, ஏற்கெனவே தோண்டிய குழிகளுக்கு ஒரு பொறுப்பாளி வேண்டும். அவற்றைச் சுற்றி வேலி வேண்டும். குப்பை விழாமல் காவல் வேண்டும். எதை நிரப்பலாம், எதை மழைநீர் தேக்கமாக்கலாம் என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து அறிஞரும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கூடி முடிவு சொல்ல வேண்டும். இனித் தோண்டுபவன் மூடும் செலவை முற்பணமாகக் கட்டிய பின்பே மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

நான்காவது, வீதி அகலும் ஒவ்வோரிடத்திலும் மதகும் வெள்ளவாய்க்காலும் முதல் வேலையாகட்டும். தார் கடைசி வேலையாகட்டும். வாய்க்காலின் முடிவில் கடல் இருக்கலாகாது. குளம் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, மண்ணின் வளத்தில் வரும் வருமானத்தின் ஒரு பங்கு அந்த மண்ணை ஆளும் பிரதேச சபைக்கும் மாகாணத்துக்கும் வர வேண்டும். வளத்தைப் பற்றி முடிவு செய்யும் அதிகாரமும் வர வேண்டும். பணம் மட்டும் வந்தால் அது கைக்கூலி. அதிகாரத்தோடு வந்தாலே அது உரிமை.

ஆறாவது கோரிக்கை அரசாங்கத்திடமன்று, நம்மிடமே. டாக்டர்களே, பொறியியலாளர்களே, சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே! உங்கள் அறிவு கொழும்பிலும் கனடாவிலும் விலைபோகிறது; அதிற் சிறு பங்கை உங்கள் ஊர்க் கிணற்றுக்குக் கொடுங்கள். அனுமதிப்பத்திரத்தைப் படித்துப் பார்க்கவும் ஆட்சேபம் எழுதவும் ஊருக்கு ஒருவர் போதும். கமக்காரத் தோழர்களே! உங்கள் காணியின் கல்லை விலைக்குக் கேட்டு லொறி வாசலில் வந்து நிற்கும்போது, ஒரு நாட் பொழுது பொறுங்கள். கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி நீர் அள்ளி வாயில் விட்டுப் பாருங்கள். பேரப்பிள்ளையும் அந்த நீரைக் குடிக்க வேண்டுமா, அல்லது கல் விற்ற காசைக் கொண்டு தண்ணீர்ப் போத்தல் வாங்க வேண்டுமா என்பதை அங்கே நின்று முடிவு செய்யுங்கள்.

போர் நமது வீட்டை உடைத்தது, மீண்டும் கட்டினோம். வீதியை மூடியது, மீண்டும் திறந்தது. தோட்டத்தைப் பற்றையாக்கியது, வெட்டித் துப்புரவாக்கி மீண்டும் வெங்காயம் நட்டோம். இவை அனைத்தும் ஏன் முடிந்தன? கிணற்றில் நீர் இருந்தபடியால் முடிந்தன. குண்டு விழுந்தும் கெடாத அந்த நீரை நாமே கெடுத்துக்கொள்வோமானால், அதற்குப் பின் மீளக் கட்டுவதற்கு ஊரும் இராது; கட்டுவதற்கு ஆளும் இரார்.